நம்மூரில் பாடம் கேட்ட தமிழ்த்தாத்தா

நம் மலர் ஒவ்வொன்றிலும் கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றி ஒரு கட்டுரை வந்துவிடும். ராஜேந்திர சோழன் மேல் நமக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் இந்தத் தடவை கல்லை விட்டு ஓலைக்கு வரலாம் என்று தோன்றியது. காரணம் உண்டு. வரலாறு படிக்கிற நம் மாணவர்கள் சிலர், சொந்த ஊரைப் பற்றி ஏதாவது எழுதணும் சார் என்று ஆசையோடு வருகிறார்கள். அடுத்த கேள்வியே, அது எந்தப் புத்தகத்தில் இருக்கு என்பதுதான். புத்தகத்தில் இல்லாததை எங்கே போய்ப் பார்ப்பது, யாரிடம் எப்படிக் கேட்பது என்பதற்கு எந்த செமஸ்டரிலும் பேப்பர் கிடையாது. அந்தப் பாடத்தை வாழ்நாள் பூராவும் படித்தவர் ஒருவர், சின்னப் பையனாக அரியலூரிலும் குன்னத்திலும் பெரம்பலூர்ப் பக்கத்திலும் சுற்றித் திரிந்தவர். தமிழ்த்தாத்தா என்று நாடே அழைக்கும் உ.வே.சாமிநாதையர்தான் அவர். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1855 பிப்ரவரி 19-ல் பிறந்தார். சொந்த ஊர் பாபநாசத்துக்குப் பக்கத்தில் உத்தமதானபுரம். வைத்த பெயர் வேங்கடராமன், வீட்டில் கூப்பிட்டது சாமா. அப்பா வேங்கடசுப்பையர் சங்கீதக்காரர். உடையார்பாளையம் சமஸ்தானத்தில் பெரிய வித்துவானாக இருந்த கனம் கிருஷ்ணையர் உறவினர். அவரிடமே சங்கீதம் கற்றவர். அருணாசலக் கவிராயரின் இராமாயணக் கீர்த்தனைகளைப் பாடிக் கதை சொல்வதுதான் அப்பாவுக்கு ஜீவனம். எந்த ஊரில் கதை கேட்க ஆள் இருந்ததோ அந்த ஊரில் குடும்பம் இருக்கும். கதை முடிந்தால் அடுத்த ஊர். அப்படித்தான் சாமா அரியலூருக்கு வந்து சேர்ந்தார்.

அரியலூரில் சடகோபையங்கார் என்று ஒரு ஆசிரியர். சங்கீதமும் தெரியும், தமிழும் தெரியும். பையனை இரண்டிலும் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார், தமிழ்தான் பிடித்துக்கொண்டது. பிற்காலத்தில் எவ்வளவோ பேரிடம் பாடம் கேட்ட பிறகும், தமிழில் முதல் ருசி காட்டியவர் இவர்தான் என்று ஐயர் எழுதி வைத்திருக்கிறார்.

அப்புறம் குன்னம். இன்றைக்குப் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பஸ் ஏறினால் குன்னத்தைத் தாண்டித்தான் போகிறோம். ஜன்னல் வழியே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தக் குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை என்பவரிடம் பையன் திருவிளையாடற் புராணம் கேட்டான். கார்குடி கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல். பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை. ரெட்டியார் நிலபுலம் உள்ள விவசாயி, தமிழில் நல்ல புலமை. அந்தக் காலத்தில் இலக்கணம் படித்தவர்கள் ஏர் பூட்டவும் செய்தார்கள், ஏடு பிரிக்கவும் செய்தார்கள். தமக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்த பிறகு, இதற்கு மேல் வேண்டுமானால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம்தான் போக வேண்டும் என்று வழி காட்டியவரும் அவர்தான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், இந்தப் பகுதியில் அப்போது நூலகம் என்று பலகை மாட்டிய கட்டிடம் ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு நூலும் ஒவ்வொருவர் வீட்டில் இருந்தது. அச்சான புத்தகம் இருந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் ஏடு. ஒரு நூல் வேண்டுமென்றால் அதை வைத்திருக்கிறவர் ஊருக்குப் போக வேண்டும், அவர் மனசு இளகும்வரை காத்திருக்க வேண்டும், அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொல்கிற நேரத்தில் படிக்க வேண்டும். மகன் படிப்புக்காகக் குடும்பமே ஊர் ஊராக மாறியது. பின்னாளில் தமிழ்நாடு முழுவதும் ஐயர் செய்த காரியத்துக்கு அரியலூர்–குன்னம்–செங்கணம் ரோடுதான் முதல் பயிற்சி என்பது என் கட்சி. வேறு மாதிரிச் சொல்கிறவர்களும் இருக்கலாம்.

1871-ல் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். சாமிநாதன் என்று பெயர் மாற்றியது பிள்ளைதான். 1876-ல் பிள்ளை காலமானார். திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரிடம் பாடம் கேட்டுக்கொண்டு, மடத்து மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு சில வருஷங்கள். 1880-ல் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அவர் முயற்சியால் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம், மரியாதை, பழகிய பாடம். நம்மைப் போன்றவர்களாக இருந்தால் அதோடு செட்டில் ஆகியிருப்போம்.

அதே வருஷம் அக்டோபர் 21. கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார் ஐயர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் விசாரித்தார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று ஒரு பெரிய பட்டியலே ஒப்பித்தார். முதலியார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இதெல்லாம் படித்து என்ன பயன் என்கிற மாதிரிக் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி உண்டா, சிலப்பதிகாரம் உண்டா, மணிமேகலை உண்டா என்று விசாரித்தார். ஒன்றும் இல்லை. மகாவித்துவானிடம் படித்து, ஆதீனத்தில் பாடம் சொல்லி, கல்லூரியில் வாத்தியாராக இருக்கிறவர் அவற்றைப் பார்த்ததுகூட இல்லை. முதலியார் தம்மிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தனுப்பினார். ஐயருக்கு வயது 25.

பிரித்துப் பார்த்தால் தலைகால் புரியவில்லை. ஓலைச்சுவடி பார்த்திராத இன்றைய மாணவர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். வைத்தால் ஓலை பொத்துவிடும். எகரக் குறில், ஏகார நெடில் வேறுபாடு கிடையாது. ஒகரம், ஓகாரமும் அப்படியே. துணைக்காலும் ரகரமும் ஒன்று போல இருக்கும். கா என்று படிப்பதா, கர என்று படிப்பதா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. எது செய்யுள், எது நச்சினார்க்கினியர் உரை, எது உரைக்குள் வருகிற மேற்கோள் என்று பிரித்துக் காட்ட ஒரு கோடுகூட இல்லை. நம் பிள்ளைகள் ஜெராக்ஸ் சரியில்லை என்று அலுத்துக்கொள்ளும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

எழுத்து மட்டும் சிக்கல் இல்லை. அது சமண நூல். சைவ மடத்தில் வளர்ந்தவருக்கு அந்தச் சமயத்துச் சொற்கள் புதுசு. கும்பகோணத்திலேயே சமணர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர்கள் தெருவுக்குப் போனார். ஒரு வீட்டு வாசலில் தோரணமும் கோலமுமாக இருந்தது. என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணி பாராயணம் அன்றைக்குத்தான் நிறைவேறியதாம்! ஊர் முழுக்கத் தேடி யாருக்கும் தெரியாத நூலை, நடந்து போகிற தூரத்தில் சிலர் பூஜை செய்து படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். சந்திரநாத செட்டியார் என்பவர் அவருக்குச் சந்தேகம் தெளிவித்தார். ஆவணம் தேடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். காகிதத்தோடு நிற்காதீர்கள், அந்தக் காகிதம் யாருக்கு உயிரோ அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

பிரதிகள் சேர்ந்தன. ஒன்றுக்கொன்று ஒத்துப் பார்த்து, வேறுபாடுகளைக் குறித்து, சொல் அகராதி தயாரித்து, செலவுக்குப் பல பேரிடம் கையொப்பம் வாங்கி (முன்கூட்டிப் பணம் தருவதற்கு அப்போது அதுதான் பெயர்), கல்லூரி விடுமுறைகளில் சென்னைக்கு ரயிலேறி அச்சுப் பார்த்து, 1887-ல் சீவக சிந்தாமணி வெளிவந்தது. முதலியார் கேட்டு ஏழு வருஷம்.

அங்கேதான் அடுத்த வேலை ஆரம்பித்தது. நச்சினார்க்கினியர் உரையில் எந்த நூல் என்று சொல்லாமல் மேற்கோள் மேற்கோளாகக் கொட்டிக் கிடக்கிறது. அந்த வரிகள் எங்கிருந்து வந்தன? திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளைப் புரட்டியபோது பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் கையில் தட்டுப்பட்டன. மேற்கோள் வரிகள் பல அங்கே உட்கார்ந்திருந்தன. ஒரு ஆவணத்தின் ஓரக்குறிப்பு அடுத்த ஆவணத்துக்கு வழி சொல்லும். ஆராய்ச்சி நெறிமுறைகள் வகுப்பில் ஒரு மணி நேரம் சொல்கிற விஷயம் இது. ஐயருக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வகுப்பு இல்லை.

பத்துப்பாட்டுக்காக அவர் திருநெல்வேலிச் சீமைக்குப் போன பிரயாணம் தனிக் கதை. மடத்துத் தொடர்பும் நண்பர்களின் அறிமுகமும் இல்லாமல் எந்த வீட்டுக்கும் போக மாட்டார். திருநெல்வேலியில் கவிராஜ ஈசுவரமூர்த்திப் பிள்ளை வீட்டில் ஏடுகளை ஒழுங்காகக் கட்டி அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்து அசந்து போனார். ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக வைத்துக் காப்பாற்றிய ஆவணக் காப்பகம் அது. ஆழ்வார்திருநகரியில் இலக்குமண கவிராயர் வீட்டில் நாள்கணக்கில் தேடியும் வேண்டியது அகப்படவில்லை. சோர்ந்திருந்தபோது, மாமனார் வீட்டிலும் சில ஏடுகள் இருப்பது கவிராயருக்கு ஞாபகம் வந்தது. இரவில், பெருமாள் புறப்பாட்டு நேரத்தில், ஒரு கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். விளக்குக்குக் காத்திருக்காமல் நிலா வெளிச்சத்திலேயே பிரித்துப் பார்த்தார். முல்லைப்பாட்டு முதலிலிருந்து கடைசி வரை இருந்தது.

கரிவலம்வந்தநல்லூரில் நேர்ந்தது வேறு. வரதுங்கராம பாண்டியன் சேர்த்து வைத்திருந்த ஏடுகள் அந்தக் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஆசையோடு போனார். கோயில்காரர்கள் அமைதியாகப் பதில் சொன்னார்கள். பழுதான பழைய ஏடுகளை ஆகமப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டாயிற்று. ஒரு அரசன் சேர்த்த நூலகம் புகையாகப் போய்விட்டது. அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. மதிப்பில்லாமல் குப்பையில் போடக்கூடாது என்கிற பக்தியில்தான் செய்தார்கள். பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடுகிற வழக்கமும் இதே பக்தியில் வந்ததுதான். நம் பக்கத்தில் வீட்டை இடித்துக் கட்டும்போது பரண் சாமானைப் பழைய பேப்பர்காரருக்கு எடை போடுகிறோமே, அதில் பக்தியும் இல்லை.

குறிஞ்சிப்பாட்டில் பூக்களின் பெயர் வரிசையாக வருமே, பள்ளியில் 99 பூ என்று மனப்பாடம் செய்தோமே, அந்தப் பகுதியில் சில வரிகள் பல பிரதிகளில் இல்லை. இருக்கிறதை வைத்துப் பதிப்பித்திருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? தருமபுரம் ஆதீனத்துக்குப் போய்த் தேடினார். நல்ல கட்டுகளில் கிடைக்கவில்லை. ஒன்றோடொன்று சேராத உதிரி ஏடுகளில் கிடைத்தது. பட்டியலில் இடம் பெறாத, உதவாது என்று ஒதுக்கிய குவியலையும் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு எழுந்திருக்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. அதனால்தான் நமக்கு அத்தனை பூவும் முழுசாகக் கிடைத்தன.

1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. மணிமேகலை பௌத்த நூல். அந்தச் சமயக் கருத்துகளை விளக்கியவர் உடன் வேலை பார்த்த பேராசிரியர் ரங்காசாரியார். பாரிஸிலிருந்து ஜூலியன் வின்சோன் என்ற பேராசிரியர் கடிதம் எழுதி, அங்கேயுள்ள தேசிய நூலகத்தில் இருக்கிற தமிழ்ச் சுவடிகளைப் பற்றித் தெரிவித்தார். ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து, பரிபாடல், பெருங்கதை என்று வரிசை நீண்டு 1937-ல் குறுந்தொகை வரை வந்தது. தனியாக இதைச் செய்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். சி.வை.தாமோதரம் பிள்ளை தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றியவர். இருவருக்கும் போட்டியும் இருந்தது, மரியாதையும் இருந்தது.

ஐயர் பதிப்புகளில் எனக்குப் பிடித்த இடம் முன்னுரையில் இருக்கிறது. எந்தப் பிரதி எந்த ஊரில் யாரிடமிருந்து கிடைத்தது என்று பெயர் பெயராக அச்சடித்திருப்பார். பெரிய ஆதீனகர்த்தரும் அதே பட்டியலில், ஏதோ கிராமத்துக் கவிராயரும் அதே பட்டியலில். கிடைத்தது எங்கே என்று சொல்லாமல் எழுதுகிறவர்களை அந்தப் பக்கங்களை ஒரு தடவை படிக்கச் சொல்ல வேண்டும். (நம் மலரில் எழுதுகிறவர்களையும் சேர்த்துத்தான்.)

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றல், 1919 வரை அங்கே. 1906-ல் மகாமகோபாத்தியாயர் பட்டம். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரி முதல்வர். 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம். திருவல்லிக்கேணியில் இருந்த வீட்டுக்கு, வேலை வாங்கித் தந்தவர் பெயரால் தியாகராஜ விலாசம் என்று பெயர் வைத்தார். 1936-ல் கனம் கிருஷ்ணையர் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். உடையார்பாளையத்துச் சங்கதிகள் அதில் வருகின்றன. நம் பகுதி மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது. ஏட்டில் இல்லாத ஒரு சங்கீதக்காரரின் வாழ்க்கையை அப்பா வழியாக வந்த ஞாபகங்களிலிருந்தும் பிறர் சொன்னதிலிருந்தும் திரட்டியது அது. 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் என் சரித்திரம் தொடராக வர ஆரம்பித்தது. அரியலூர், குன்னம், செங்கணம் எல்லாம் நமக்குத் தெரிவது அதனால்தான். அது முடியவில்லை. யுத்தத்தில் சென்னையில் குண்டு விழும் என்று ஜனங்கள் ஊரைக் காலி செய்தபோது அவரும் திருக்கழுக்குன்றம் போனார்; 1942 ஏப்ரல் 28-ல் அங்கேயே காலமானார். சரித்திரம் 1899 வாக்கில் நிற்கிறது.

அடுத்த வருஷமே, 1943-ல், ருக்மிணி தேவி அவர்களின் முயற்சியால் அவர் பெயரில் நூலகம் ஏற்பட்டது. இப்போது சென்னை பெசன்ட் நகரில் இருக்கிறது. 2,000-க்கும் மேற்பட்ட ஓலைச்சுவடிகள், அவர் குறிப்புகள், பழைய அச்சு நூல்கள், அவருக்கு வந்த கடிதங்கள் எல்லாம் அங்கே உண்டு. திருவல்லிக்கேணி வீடு பிழைக்கவில்லை; 2012-ல் இடித்துவிட்டார்கள். வீடு வீடாக மூட்டையில் கிடந்ததை ஒருவர் ஒரு கூரையின் கீழ் கொண்டுவந்து வைத்தார். அவர் கூரையைக் காப்பாற்ற ஊருக்கு முடியவில்லை. ஏடுகளாவது தப்பின.

சரி, ஊர் வரலாறு எழுத வந்த மாணவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். பெரம்பலூர் மாவட்டம் 1995-ல் பிரிந்தது. அரியலூர் 2001-ல் பிரிந்து, 2002-ல் திரும்பச் சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிந்தது. ஆகவே பழைய ஆவணங்களில் பெரம்பலூர் மாவட்டம் என்று தேடினால் ஒன்றும் வராது. திருச்சினாப்பள்ளி மாவட்டம், உடையார்பாளையம் தாலுகா, பெரம்பலூர் தாலுகா என்று தேட வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டலும் மாறி மாறி இருக்கும். நாலு விதமாக எழுதிப் பாருங்கள். லூயிஸ் மூர் எழுதிய திருச்சினாப்பள்ளி மாவட்டக் கையேடு 1878-ல் வந்தது. சாமா இந்தப் பக்கம் திரிந்த காலத்துக்கு ஒட்டியது. ஹெமிங்வே எழுதிய கெசட்டியர் 1907. இரண்டையும் முதலில் படித்துவிட்டு, அரியலூர், உடையார்பாளையம் ஜமீன்கள் பற்றி அதில் வருகிற வருஷங்களைக் குறித்துக்கொண்டு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி. அங்கே கேட்பது கதை இல்லை. எந்தத் துறை, எந்த வருஷம், எந்தத் தொகுதி என்று கேட்பார்கள்.

சுவடி பார்க்க வேண்டுமா? நமக்குக் கிட்டத்தில் இருப்பது தஞ்சை சரசுவதி மகால். காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் அட்டவணையைக் கையில் எடுத்துவிடலாம். சென்னையில் பெசன்ட் நகர் நூலகமும், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டிடத்தில் இயங்கும் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய நூல்களும் சுவடிகளும் ஏறியிருப்பதால், வீட்டிலிருந்தே கொஞ்சம் ஒத்திகை பார்க்கலாம். ஓலையெழுத்து படிக்கத் தனியாகப் பழக வேண்டும். ராத்திரி கொஞ்ச நேரம் ஒதுக்கினால் மெல்ல மெல்லப் பிடிபடும்.

போகும்போது துறைத்தலைவரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய கடிதம், அடையாள அட்டை, இரண்டு பென்சில் எடுத்துப் போங்கள். ஏட்டுப் பக்கத்தில் பேனாவைத் திறக்காதீர்கள். எந்த நாள் விடுமுறை, படம் எடுக்க அனுமதி உண்டா, கட்டணம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே போனிலோ கடிதத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் பெரும்பாலும் அட்டவணையைப் புரட்டுவதிலேயே போய்விடும். கட்டு கைக்கு வருவது மறுநாள்தான். ராத்திரி தங்க ஒரு இடம் பார்த்து வைத்துக்கொண்டு ஊரிலிருந்து கிளம்புங்கள்.